முன்னாடி வண்டி போய் எவ்வளவு நேரமாச்சு?

விடியற்காலை மூன்றரை மணி. ஊர் முழுக்கத் தூங்குகிறது. கடலூரிலோ சிதம்பரத்திலோ பண்ருட்டியிலோ இருக்கிற அரசு பஸ் பணிமனையில் மட்டும் விளக்குகள் பளீரென்று எரிகின்றன. நாமெல்லாம் ஸ்டாப்பில் நின்று பஸ்ஸைப் பார்த்துப் பழகியவர்கள். ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் எந்த பஸ்ஸையும் சும்மா பார்க்க முடியாது. அத்தனை சங்கதி இருக்கிறது உள்ளே!

முதலில் அந்த வரிசையைப் பாருங்கள். ராத்திரி கடைசி நடை முடித்துவிட்டு வருகிற வண்டிகளைக் கண்ட இடத்தில் விட்டுவிட முடியாது. காலையில் முதலில் கிளம்ப வேண்டியது கேட்டைப் பார்த்து முன்னால். அதற்கு அடுத்த வண்டி அதன் பின்னால். பிரேக் பார்க்க வேண்டியதும் ஸ்பிரிங் மாற்ற வேண்டியதும், அடியில் இறங்கி வேலை பார்க்கிற பிட் பள்ளத்துக்குப் பக்கத்தில் தனியாக. நாலு பத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டிக்கு முன்னால் பஞ்சர் ஆன வண்டி ஒன்று நின்றுவிட்டால் கதை முடிந்தது. முதல் நடை பத்து நிமிடம் பின்தங்கும், அதே வண்டி அன்றைக்குப் போடுகிற அடுத்த நடைகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தைச் சுமந்துகொண்டே ஓடும். ராத்திரி பதினொரு மணி இருட்டில் டார்ச் காட்டி “பின்னாடி வா, பின்னாடி வா, நிறுத்து” என்கிறவருக்கு நம் காலை நேரத்தில் இவ்வளவு பங்கு உண்டு என்று யாருக்காவது தோன்றியிருக்குமா?

அடுத்தது லாக் ஷீட். வண்டியை விட்டு இறங்குகிற டிரைவர் அன்றைக்கு அது என்னென்ன தொந்தரவு செய்தது என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பார். “இடது பக்கம் பிரேக் இழுக்கிறது.” “செல்ஃப் எடுக்கவில்லை, தள்ளி ஸ்டார்ட் செய்தது.” “ஏர் லீக்.” ராத்திரி ஷிப்ட் மெக்கானிக்குக் கையில் கிடைப்பது இந்தத் துண்டுக் குறிப்புதான். அதை வைத்துக்கொண்டு விடிவதற்குள் வண்டியை நிமிர்த்தியாக வேண்டும். டிரைவர் எழுத மறந்தாலும், எழுதியதை மெக்கானிக் பார்க்காமல் விட்டாலும், அந்த பஸ் மறுநாள் மத்தியானம் ஏதோ ஒரு புளியமரத்தடியில் நாற்பது பேரை இறக்கிவிட்டு நிற்கும். பஸ் வழியில் நின்றால் நாம் டிரைவரைத்தான் திட்டுகிறோம். அது நிற்கப்போவது முந்தின ராத்திரி அந்தக் காகிதத்திலேயே தெரிந்திருக்கலாம்.

நாலு மணி ஆகிவிட்டது. டியூட்டி சார்ட்டில் பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு டிரைவர் வருகிறார். சக்கரத்தடியில் இருக்கிற தடுப்புக் கட்டையைக் காலால் தள்ளிவிட்டு, டயர்களைச் சுற்றி வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். அந்தச் சத்தத்திலேயே காற்று போதுமா என்று காதுக்குத் தெரிந்துவிடுமாம்! எஞ்சினை எழுப்பியதும் வண்டியை எடுத்துவிட முடியாது. ஏர் பிரேக் டேங்கில் காற்றழுத்தம் ஏற வேண்டும், அதுவரை முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பக்கத்தில் கண்டக்டர் டிக்கெட் மெஷினில் சார்ஜ் இருக்கிறதா, பேப்பர் ரோல் இருக்கிறதா என்று பார்த்து, சில்லறையைப் பையின் எந்த அறையில் போடுவது என்று பிரித்துக்கொண்டிருக்கிறார். கேட்டில் வாட்ச்மேன் வண்டி எண்ணையும் நேரத்தையும் ரிஜிஸ்டரில் எழுதுகிறார். நாலு பத்து. வண்டி வெளியே!

இந்தக் கணக்கு ரிஜிஸ்டர் எல்லாம் அரை நூற்றாண்டுப் பழக்கம். 1972-ல் தமிழ்நாட்டில் பெரிய தனியார் பஸ் கம்பெனிகளின் வண்டிகளும் தடங்களும் அரசுக்கு வந்தன. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று கழகங்கள் பிறந்தன. நம் தென்னாற்காட்டுக்கு 1975-ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-ல் தலைவர்கள், மன்னர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டுப் பெரும்பாலானவற்றுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயர் வைத்தார்கள். இன்று மாநிலத்தில் இருக்கிற எட்டுக் கழகங்களில் விழுப்புரம் ஒன்று. கடலூர் மண்டலம் அதற்குள் வருகிறது.

இனி பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸ் என்று ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற டைம் கீப்பரைப் பயணிகள் பெரும்பாலும் “சார், நெய்வேலி வண்டி எங்க நிக்கும்?” என்று கேட்பதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். அவர் முன்னால் விரிந்து கிடக்கிற தாளை ஒரு நிமிடம் பாருங்களேன்! எந்தத் தடத்து வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு உள்ளே வர வேண்டும், எத்தனைக்கு வெளியே போக வேண்டும், உண்மையில் எத்தனைக்கு வந்தது, போனது, யார் டிரைவர், யார் கண்டக்டர், எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு நடை கட் ஆனால் அதுவும் ஏன் என்று காரணத்தோடு ஏறும். வண்டி பிரேக் டவுன். டிரைவர் வரவில்லை. ரோடு மறியல். கடலூரிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு பஸ்ஸின் வாழ்க்கையும் நிமிடக் கணக்கில் இந்த ஒரு மேஜைமேல் கிடக்கிறது. இந்தத் தாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இதற்கே வருவோம்.

தனியார் பஸ்களுக்கும் இதே நிமிடக் கணக்கு உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பர்மிட்டோடு நேரத்தையும் ஒதுக்குகிறது. இன்ன ஸ்டாண்டில் இன்ன நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இரண்டு வண்டிக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நமக்கு அசிங்கமாக இருக்கும். “எந்நேரம் டைம், எந்நேரம் எடுக்கிற?” என்று அவர்கள் போடுகிற சத்தத்தின் அர்த்தம் தெரிந்துவிட்டால் பார்வை மாறிவிடும். முன்னால் போகிற வண்டி இரண்டு நிமிடம் பிந்தி எடுத்தால், அந்த இரண்டு நிமிடத்தில் ஸ்டாப்புகளில் சேருகிற ஆட்கள் எல்லாம் அதற்குப் போய்விடுவார்கள். பின்வண்டிக்குக் காலி சீட்டுதான். அதாவது இரண்டு பஸ்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி காசு! இதைப் பொருளாதாரப் பாடம் படித்து அல்ல, வயிற்றுப்பாட்டில் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அதனால்தான் ரோட்டோரக் கடைக்காரரைப் பார்த்து டிரைவர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும், “அண்ணே, முன்னாடி வண்டி போய் எவ்வளவு நேரமாச்சு?”

இந்தக் கேள்வியில்தான் உலகத்துப் பெரிய நகரங்களின் பஸ் விஞ்ஞானம் முழுக்க ஒளிந்திருக்கிறது. கடலூர் – பண்ருட்டி ரோட்டிலேயே வைத்துப் பார்ப்போம். வரக்கால்பட்டு, நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் போகிற ரோடு. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிமிடத்துக்கு இரண்டு பேர் வந்து சேருகிறார்கள். எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இருபது பேர். கரும்பு ஆலை ஓடுகிற காலம், நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசை. ஒரு பஸ் அதில் மாட்டி ஐந்து நிமிடம் பிந்துகிறது. அடுத்த ஸ்டாப்பில் அதற்காக நிற்பது இருபது பேர் இல்லை, முப்பது பேர். ஏற நேரம் பிடிக்கும், டிக்கெட் போட நேரம் பிடிக்கும், இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு என்ன கிடைக்கும்? முன்வண்டி அள்ளிக்கொண்டு போனது போக ஐந்து நிமிடத்தில் சேர்ந்த பத்தே பேர். அது விறுவிறுவென்று ஏற்றிக்கொண்டு நெருங்கிவிடும். நெருங்க நெருங்க இன்னும் ஆள் குறையும், இன்னும் வேகமாக நெருங்கும். கடைசியில் பிதுங்கி வழிகிற பஸ் ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு காலியாக ஒன்று. “வந்தா ரெண்டா வரும், இல்லன்னா வரவே வராது” என்று ஊரில் அலுத்துக்கொள்கிறோமே, அது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. யாரும் தலையிடாமல் விட்டால் பஸ்கள் தாமாகவே ஜோடி சேரும். நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு பேர் 1964-லேயே கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது!

பண்ருட்டியில் பலாப்பழக் காலத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முள்ளு முள்ளாக ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு ஆயா ஒருத்தர் படியேறுவதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும். “பாத்து ஆயா, பாத்து... சீட்டுக்கு அடியில தள்ளும்மா” என்று கண்டக்டர் இடம் பண்ணிக் கொடுப்பார். அந்த ஒரு நிமிடம் அடுத்த ஸ்டாப்பில் இரண்டு பேரைக் கூட்டும். அவர்கள் இன்னும் கொஞ்சம் நேரத்தைத் தின்பார்கள். ஆயாவைக் குறை சொல்ல முடியுமா? பழம் ஏறத்தான் பஸ்.

இப்போது என்னைத் துள்ளிக் குதிக்க வைத்த கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். மணிக்கு ஆறு பஸ், பத்து நிமிடத்துக்கு ஒன்று. நினைத்த நேரத்துக்கு ஸ்டாப்புக்கு வருகிறவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு பஸ்ஸும் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால்? சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம். ஒரு பஸ்ஸும் குறையவில்லை, ஒரு டிரைவரும் குறையவில்லை, டீசலும் அதே டீசல். ஆனால் ஊர்ச் சனம் மொத்தமும் இரண்டு மடங்கு நேரம் வெயிலில் நிற்கிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒரு பஸ்கூடப் புதிதாக வாங்காமல், இடைவெளியை மட்டும் ஒழுங்கு செய்தே மக்களின் காத்திருப்பைப் பாதியாக்கலாம்! பணம் இல்லை, பணம் இல்லை என்று எல்லாரும் சொல்கிற காலத்தில் இதைவிட நல்ல சேதி உண்டா?

இந்த இடைவெளிக்காகவும்தான் உலகம் பி.ஆர்.டி. என்கிற விரைவு பஸ் தடங்களுக்குப் போனது. பிரேசிலின் குரிடிபாவில் 1974-ல் தொடங்கியது. கொலம்பியாவின் பொகோடாவில் டிரான்ஸ்மிலேனியோ 2000 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. ஜகார்த்தா 2004. நம் நாட்டில் அகமதாபாத்தின் ஜன்மார்க் 2009 அக்டோபர். ஹூப்ளி – தார்வாடு 2018. டெல்லியும் 2008-ல் போட்டுப் பார்த்தது, கார்க்காரர்களின் எதிர்ப்பு அடங்கவே இல்லை, 2016-ல் உடைத்து எடுத்துவிட்டார்கள். சென்னையில் பலமுறை திட்டம் பேசப்பட்டது, ரோட்டுக்கு வரவில்லை.

பி.ஆர்.டி. என்றதும் எல்லாரும் பஸ்ஸுக்கென்று தனியாக ஒதுக்கிய பாதையைத்தான் நினைப்பார்கள். உள்ளே எட்டிப் பார்க்கிறவருக்கு அதைவிட ருசியானவை வேறு இரண்டு. ஒன்று, டிக்கெட் ஸ்டேஷனிலேயே முடிந்துவிடுகிறது. நம் ஊரில் கூட்டமான ஒரு டவுன் பஸ்ஸில் கண்டக்டர் படுகிற பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் போட்டு முடிக்க வேண்டும், வழியில் செக்கர் ஏறினால் பதில் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகம் என்றால் ஸ்டேஜுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, மிச்சப் பேருக்கும் போட்டு முடித்துவிட்டுத்தான் விசில் அடிப்பார். அந்த நிமிடங்கள் முழுக்க பி.ஆர்.டி.யில் மிச்சம். மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரம், அகலமான கதவுகள், ஏறவும் இறங்கவும் நொடிகள்தான். குரிடிபாவில் 1991-ல் வைத்த கண்ணாடிக் குழாய் ஸ்டேஷன்களின் ரகசியமே இதுதான்.

இரண்டாவது, கட்டுப்பாட்டு அறை. எனக்குப் பிடித்தது அதுதான். திரையில் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு புள்ளி. புள்ளிகள் நெருங்கினால் அங்கே உட்கார்ந்திருக்கிறவர் ஒரு பஸ்ஸை இரண்டு நிமிடம் நிறுத்தி வைக்கச் சொல்லுவார். லண்டனில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், சில சமயம் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிடும், சேவையை ஒழுங்கு செய்வதற்காகச் சற்று நேரம் நிற்கிறது என்று அறிவிப்பு வரும். அங்கே மணிக்கு ஐந்தோ அதற்கு மேலோ பஸ் ஓடுகிற தடங்களில், நேரத்துக்கு வந்ததா என்று பார்ப்பதில்லை. பயணி நியாயமாகக் காத்திருக்க வேண்டியதைவிட எத்தனை நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தார் என்று பார்க்கிறார்கள். ஓட்டுகிற கம்பெனிக்கு வருகிற காசு அந்தக் கணக்கில் கூடும், குறையும்.

அமெரிக்காவில் பார்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-ல் இன்னொரு அழகான வேலை செய்தார்கள். அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் வளாகத்து பஸ்களில், நேர அட்டவணையையே ஓரமாக வைத்துவிட்டார்கள். ஒரு பஸ் குறித்த ஸ்டாப்புக்கு வந்ததும், தனக்குப் பின்னால் வருகிற பஸ் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்து, அந்த நேரத்தில் ஒரு பங்கு அங்கே காத்திருந்துவிட்டுக் கிளம்ப வேண்டும். விதி அவ்வளவுதான். பின்வண்டி தூரத்தில் இருந்தால் கொஞ்சம் அதிகமாக நிற்கும், ஒட்டிக்கொண்டு வந்தால் உடனே கிளம்பிவிடும். இடைவெளிகள் தாமாகச் சீராகிவிட்டன! நம் டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வியைப் புரட்டிப் போட்டதுதான் மொத்தக் கண்டுபிடிப்பு: பின்னாடி வண்டி எங்கே வருது?

இதையெல்லாம் நம் ஊரில் செய்ய முடியுமா என்றால், கடலூர் – பண்ருட்டி, கடலூர் – சிதம்பரம் மாதிரி அடிக்கடி வண்டி ஓடுகிற ரோடுகளில் முடியும். அரசு வண்டி, தனியார் வண்டி இரண்டுக்கும் சேர்த்து நெல்லிக்குப்பத்தில் ஒருவர், புதுச்சத்திரத்தில் ஒருவர் நின்று இடைவெளி பார்த்து அனுப்பினால் போதும். கையில் ஒரு போன். சென்னையில் மாநகர பஸ் இப்போது எங்கே வருகிறது என்று பயணியே போனில் பார்க்கிற வசதி 2022-ல் வந்துவிட்டது. பயணியால் பார்க்க முடிந்ததை டைம் கீப்பரால் பார்க்க முடியாதா?

ஆனால் பண்ருட்டிக்கு அடுத்த அண்ணாகிராமம் போன்ற ஊர்களின் கதை வேறு. தென்பெண்ணையும் கெடிலமும் பாய்கிற வட்டாரம், ஒரு ஒன்றியத்துக்கே தலைமையிடம். இந்த ஒன்றியத்து உள்கிராமங்களுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் போகாது. காலையில் ஒன்று, பள்ளிக்கூட நேரத்துக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று போகிற ஊர்கள் எத்தனையோ. இங்கே இடைவெளிக் கணக்குக்கு வேலையே இல்லை. சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. இங்கே செய்யக்கூடாத பெரிய தப்பு பிந்தி வருவது என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது, முந்திப் போவதுதான்! ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் ஐந்து நிமிடம் போச்சு. இரண்டு நிமிடம் முந்திப் போய்விட்டால், ஓடி வந்து பார்த்த பிள்ளைக்கு அன்றைய முதல் பீரியடே போச்சு, சில ஊர்களில் அன்றைய பள்ளிக்கூடமே போச்சு. டவுனில் நல்ல டிரைவர் என்பவர் இடைவெளி காப்பவர். கிராமத்தில் நல்ல டிரைவர், புழுதி பறக்க ஒரு நிமிடம் முந்தி வந்துவிட்டாலும் எஞ்சினை அணைத்துவிட்டு அந்த ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பவர்.

இதில் பெண்களுக்கு இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. தனியார் பஸ்ஸிலும் மப்சல் பஸ்ஸிலும் அது செல்லாது. ஆகவே கடலூரில் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண், கண்ணெதிரே இரண்டு வண்டியை விட்டுவிட்டு அந்த ஒரு டவுன் பஸ்ஸுக்காக நிற்கிறார். அவர் மாதச் செலவுக் கணக்கில் அது பெரிய தொகை. அந்த நடை கட் ஆனால் அவருக்கு மட்டும் அது இரட்டை அடி: போக வரக் காசும் போகும், நேரத்துக்குப் போகாததற்கு முதலாளியிடம் பேச்சும் கேட்க வேண்டும். இலவசம் கொடுத்தாயிற்று, நேரம் தவறினால் என்ன என்று யாரும் நினைக்கக்கூடாத இடம் இது. ஒரு பஸ்ஸை நம்பி வீட்டில் உலை வைக்கிற நேரத்தையே மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இந்தக் கிராமத்து நேரத்தைக் காப்பாற்ற நம்மவர்கள் கண்டுபிடித்த ஒரு வித்தை உண்டு. உலகத்து எந்த பி.ஆர்.டி. கையேட்டுக்கும் குறைந்ததில்லை அது. நைட் ஹால்ட்! கடைசி பஸ் ராத்திரி ஒன்பதரைக்கோ பத்துக்கோ கிராமத்துக்கு வரும், திரும்பாது. ஊர்க் கோடியில், பெரும்பாலும் கோயில் திடலிலோ பள்ளிக்கூடத்துப் பக்கத்திலோ, கட்டுத்தறிக்கு வந்த மாடு மாதிரி அங்கேயே நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் சீட்டில் போர்வையை விரித்துப் படுத்துவிடுவார்கள். கொசுவர்த்தி, தண்ணீர்ப் பாட்டில், கண்டக்டரின் தலைமாட்டில் அன்றைய வசூல் பை. காலையில் ஐந்தரைக்கு அதே பஸ்தான் முதல் நடை.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு புத்தி இதில்! முதல் பஸ் பிந்தி வரவே வழியில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே ஊரில்தான் நிற்கிறது. காலி வண்டியாகப் பணிமனைக்குப் போய், காலி வண்டியாகத் திரும்பி வருகிற டெட் மைலேஜ் மிச்சம். ராத்திரி யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் ஊரில் ஒரு வண்டி நிற்கிறது என்ற தைரியம் வேறு, ஆம்புலன்ஸ் வராத அந்தக் காலத்தில். இதன் பாரம் முழுக்க அந்த இரண்டு பேர் முதுகில் இருந்தது, இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று சொன்னது. சீட்டில் கால் மடக்கிப் படுத்த தூக்கத்தைச் சரியான ஓய்வு என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஹால்ட் பஸ் வேண்டும் என்று கேட்கிற ஒவ்வொரு ஊரும், மின்விசிறியோடு ஒரு அறையும் ஒரு கழிப்பறையும் அவர்களுக்குத் தர வேண்டும். ஊராட்சிக்கு இது பெரிய செலவில்லை.

ஆள் பற்றாக்குறையையும் சொல்லியாக வேண்டும். சார்ட்டில் பேர் போட ஆள் இல்லையென்றால் எவ்வளவு நல்ல வண்டியும் கேட்டைத் தாண்டாது. பல வருடம் நிரப்பாமல் விட்ட இடங்களுக்கு, 2025-ல் கழகங்கள் சேர்ந்து 3,274 டிரைவர் உடன் கண்டக்டர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டன. ஸ்பேர் வண்டி, ஸ்பேர் ஆள், இந்த இரண்டும் கையிருப்பில் இல்லாத பணிமனை எவ்வளவு திறமையாக நடந்தாலும் நடை கட் ஆகும். வடலூர் தைப்பூசம், சிதம்பரம் மார்கழித் திருவாதிரை என்று சிறப்பு பஸ் விடுகிற நாளில் இது பளிச்சென்று தெரியும். கையிருப்பு போதாதபோது ஏதாவது ஒரு தடத்திலிருந்து வண்டியை எடுக்க வேண்டும். எந்தத் தடத்தில் எடுத்தால் சத்தம் குறைவாக வருமோ அங்கேதான் கை போகும். சத்தம் குறைவான தடம் எப்போதும் கடைக்கோடிக் கிராமத்துத் தடம்.

அதற்கு மருந்து ஒன்று பணிமனைக்குள்ளேயே இருக்கிறது. பல பணிமனைகளில் ஒரு கரும்பலகை உண்டு. நேற்றைய வசூல் எவ்வளவு, ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர், யார் அதிகம் கொடுத்தார் என்று எழுதிப் போடுவார்கள். எழுதிப் போட்டதால்தான் நம் டிரைவர்கள் டீசல் சிக்கனத்தில் நாட்டுக்கே முன்னுதாரணமாக வந்தார்கள். கியரை எப்போது மாற்றினால் எத்தனை சொட்டு மிச்சம் என்று அவர்களுக்கு அத்துப்படி! அதே பலகையில் இன்னும் இரண்டு வரி எழுதட்டும்: நேற்று எந்தெந்த ஊருக்கு எந்தெந்த நடை கட், எந்தெந்த வண்டி நேரத்துக்கு முன்னால் கிளம்பியது. டீசலை இவ்வளவு அழகாக மிச்சம் பிடித்தவர்களுக்கு, பயணியின் நேரத்தை மிச்சம் பிடிப்பது ஒரு வேலையே இல்லை. எண்ணிப் பார்க்கச் சொன்னால் செய்துவிடுவார்கள்.

அந்த டைம் ஆபீஸ் தாளுக்கு வருகிறேன். எந்த பஸ் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்பது பணிமனையில் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து ஃபைலில் இருக்கிறது. பயணி நிற்கிற நிழற்குடையில் மட்டும் இல்லை. அங்கே எம்.எல்.ஏ. பெயர் இருக்கும், தொகுதி மேம்பாட்டு நிதி எவ்வளவு என்று இருக்கும், திறந்து வைத்த தேதி இருக்கும். பஸ் நேரம் இருக்காது. ஊரில் பெரியவர் ஒருவரின் ஞாபகத்தில்தான் அது இருக்கும்: “ஆறே முக்காலுக்கு ஒண்ணு வரும் தம்பி, அத விட்டா ஒம்போதுக்குத்தான்.” நேரம் எழுதி ஒட்டாத இடத்தில் பஸ் பிந்தியது என்று எவரும் நிரூபிக்க முடியாது, முந்திப் போனது என்றும் நிரூபிக்க முடியாது. எழுதி ஒட்டிவிட்டால், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகூட போனில் படம் எடுத்து, “ஆறே முக்கால் வண்டி இன்றைக்கு வரவில்லை” என்று பணிமனையின் கிளை மேலாளருக்கு அனுப்பிவிடலாம்.

தனிப்பாதை போட கோடிகள் வேண்டும். ஒரு தகரப் பலகைக்கும் கொஞ்சம் பெயின்டுக்கும் எவ்வளவு ஆகும்? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிற நாட்கள் வரும். அண்ணாகிராமம் ஒன்றியத்துக்காரர்கள், சிதம்பரம் பக்கத்துக்காரர்கள், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, அடுத்த கிராம சபையில் கையைத் தூக்குங்கள். எங்கள் ஸ்டாப்பில் நிற்கிற ஒவ்வொரு அரசு பஸ், தனியார் பஸ், மினி பஸ்ஸின் நேரத்தையும் எழுதிப் பலகை வைக்க வேண்டும், கிளை மேலாளர் போன் நம்பரையும் அதில் எழுத வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.